மாந்தீவு: மருந்து வந்த பிறகும் போகாத பயம்

மட்டக்களப்பு வாவிக்குள்ள மாந்தீவு என்று ஒரு சின்னத் தீவு இருக்கு. படகில மட்டும்தான் போகலாம். கல்முனைப் பக்கத்தால மட்டக்களப்புக்குப் போய் வாற நம்மில கனபேர் அந்தப் பேரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டம். பிரித்தானியர் காலத்தில அங்க தொழுநோய் வைத்தியசாலை அமைச்சாங்க. ஒரு நோய்க்கு வைத்தியம் பார்க்கத் தீவு என்னத்துக்கு? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

முதல்ல கிருமியில இருந்து தொடங்குவம். நம்மட தோல் முழுக்க பக்டீரியா வாழுது. அதில அநேகமானவை தீங்கு செய்யாது. சிலது வெளியில இருந்து வாற கெட்ட கிருமிக்கு இடம் கொடுக்காமத் தடுக்கவும் செய்யுது. தொழுநோய்க் கிருமி அந்த ரகம் இல்ல. அது தோலின் மேற்பரப்பில நிற்காது; உள்ள போய் நரம்பைத் தாக்கும். உடம்பில கொஞ்சம் குளிரான இடங்களைத்தான் அதற்குப் பிடிக்கும்: காது மடல், மூக்கு, கை, கால். நரம்பு பழுதானா உணர்வு போகும். உணர்வு போன கை அடுப்பில சுட்டாலும் தெரியாது, காலில ஆணி ஏறினாலும் தெரியாது. விரல்கள் அழிஞ்சுபோறது பெரும்பாலும் இப்படிக் கவனிக்கப்படாத காயங்களாலதான்.

இவ்வளவு பயப்படுற கிருமி உண்மையில ரொம்ப மெதுவானது. சாதாரண பக்டீரியா சிலது 20 நிமிடத்தில இரண்டாகும். இது இரண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கும். தொற்றினாலும் அறிகுறி தெரிய சராசரியா 5 வருடம், சிலருக்கு 20 வருடம் கூடப் போகும். மனிதரில 95 வீதத்துக்கும் மேலானவங்களுக்கு இதை எதிர்க்கும் சக்தி இயற்கையாவே இருக்கு. தொட்டால், கை கொடுத்தால், ஒரே சஹனில சாப்பிட்டால் இது பரவாது. மருந்து எடுக்காத நோயாளி ஒருவரோட நீண்ட காலம் நெருங்கி இருந்தால்தான், அநேகமா மூச்சுக் காற்று வழியா, தொற்ற வாய்ப்பிருக்கு.

இனி வரலாறு. உமையா கலீபா முதலாம் வலீத் (ஆட்சி 705 - 715) தொழுநோயாளர் பிச்சை எடுக்கக் கூடாது என்று சொல்லி அவங்களுக்கு உதவித்தொகை கொடுத்ததா வரலாற்றாசிரியர் தபரி எழுதியிருக்கார். ஏறத்தாழ ஆயிரம் வருடம் கழிச்சு, 1708இல, ஒல்லாந்தர் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில தொழுநோயாளருக்கென்று ஒரு வைத்தியசாலை கட்டினாங்க. மருந்தே இல்லாத அந்தக் காலத்தில அது ஊரை விட்டு ஒதுக்கி வைக்கிற இடமாத்தான் இருந்திருக்கும்.

1873இல நோர்வேயின் பேர்கன் நகரில ஹன்சன் என்ற வைத்தியர் இந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சார். அதுவரைக்கும் இது பரம்பரை நோய் என்றுதான் அங்கிருந்த பெரிய வைத்தியர்களும் நம்பினாங்க. கண்டுபிடிப்பு நல்லதுதானே? ஆனா நோயாளிக்கு அதனால உடனே கிடைச்சது மருந்து இல்ல, பூட்டு. தொற்று நோய் என்று தெரிஞ்சதும் 1897இல பெர்லினில கூடிய சர்வதேச மாநாடு தனிமைப்படுத்தலை ஆதரிச்சது. நாலே வருடத்தில, 1901இல, இலங்கையில தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் வந்தது. நோயாளியைப் பிடிச்சுத் தனியா வைக்க அரசாங்கத்துக்கு அது அதிகாரம் கொடுத்தது. வேலை செய்யிற மருந்து வந்ததோ 1940களிலதான். கிருமி தெரியும், மருந்து தெரியாது என்ற அந்த 70 வருட இடைவெளியின் பிள்ளைதான் மாந்தீவு.

அந்த இடைவெளி இப்ப இல்ல. மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிற கூட்டுச் சிகிச்சை 1983இல இலங்கைக்கு வந்தது. 6 மாதம், நோய் கூடினவங்களுக்கு 12 மாதம். இலவசம். மருந்து தொடங்கிச் சில நாளிலேயே நோயாளியால மற்றவங்களுக்குத் தொற்றாது. 1990இல தொலைக்காட்சி, வானொலி எல்லாத்திலயும் ‘தொழுநோய் குணமாகும்’ என்று பெரிய விளம்பரப் பிரசாரம் நடந்தது. அந்த வருடம் புதிய நோயாளர் எண்ணிக்கை சட்டென்று கூடிற்று. நோய் பரவினதால இல்ல. ஒளிஞ்சிருந்தவங்க தாங்களாகவே வந்தாங்க. அதே 1990 ஜூனில கிழக்கில யுத்தம் திரும்பத் தொடங்கினதையும் சேர்த்து யோசிங்க. நம்மட பக்கத்தில எத்தனை பேருக்கு வைத்தியசாலைக்குப் போகப் பாதை திறந்திருக்கும்?

1995இல 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவுக்கு நாட்டில தொழுநோய் இறங்கிற்று. ‘ஒழிஞ்சிட்டு’ என்று எல்லாரும் மறந்தம். ஆனா அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் நாட்டில ஆயிரத்துக்கு மேல புதிய நோயாளர் பதிவாகிறாங்க. அதில கிட்டத்தட்ட பத்தில ஒருவர் சிறுபிள்ளை. கூடுதலாப் பதிவாகிற பகுதிகளில மட்டக்களப்பும் நம்மட கல்முனைப் பிராந்தியமும் இருக்கு.

நம்மட ஊர்களில வீட்டுக்கு வீடு மதில் ஒட்டி இருக்கு, ஆக்கள் நெருக்கமா வாழ்றம். அது ஒரு காரணமா இருக்கலாம். ஆனா நாம மாற்றக்கூடிய காரணம் வேற: மறைக்கிறது. பொம்பளப் பிள்ளைக்கு ஒரு தழும்பு வந்தா கலியாணப் பேச்சு குழம்பிடும் என்ற பயத்தில தேமல் என்று சொல்லிக் கிறீம் பூசி வருடக்கணக்கில இருந்திடுறாங்க. மாந்தீவுக்கு அனுப்பினது சட்டம். இதை நாமளே செய்றம், வீட்டுக்குள்ளேயே. அந்த வருடங்களில நரம்பு போனா மருந்தால கிருமி சாகும், போன உணர்வு பல நேரம் திரும்பாது.

சுகமான பிறகும் போக இடம் இல்லாமல் மாந்தீவிலேயே தங்கினவங்க இருந்தாங்க. அவங்களைப் பிடிச்சு வைச்சது கிருமியும் இல்ல, சட்டமும் இல்ல. கூட்டிக்கொண்டு போக ஒரு குடும்பம் வரல்ல, அவ்வளவுதான்.

அதனால ஒரு வேண்டுகோள். உடம்பில நிறம் மங்கின அல்லது சிவந்த தழும்பு இருந்து, அதில தொட்டா உணர்வு குறைவா இருந்தா, அரச வைத்தியசாலைத் தோல் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க. வீட்டில ஒருவருக்கு இருந்தா மற்ற எல்லாரும் காட்டுங்க. யாரையாவது ஏசுறதுக்குக் ‘குஷ்டம்’ என்ற சொல்லை எடுக்கிற பழக்கத்தையும் விடுவம். பக்கத்தில நிற்கிற யாரோ ஒருவர் அதைக் கேட்டுத் தன்ட தழும்பை இன்னும் ஒரு வருடம் மறைச்சு வைக்கலாம்.