மூடிய பள்ளியும் ஊர் வேதியரும்



2020-ஆம் ஆண்டின் கோடையை நம் வண்டியூர் எளிதில் மறக்காது. சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கி இவ்வூருக்கு வரும் கள்ளழகர் அவ்வாண்டு வரவில்லை. நம் ஆலயங்களிலோ உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலி மக்களின்றி நிறைவேறியது. பள்ளிகள் அதற்கு முன்பே, மார்ச் நடுவில், மூடப்பட்டுவிட்டன. ஜூன் 24 முதல் மதுரையில் முழு ஊரடங்கு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. பள்ளிக் கதவு மூடியிருந்த அந்நாள்களில் கல்வி பிள்ளைகளை எவ்வாறு சென்றடைந்தது? இவ்வாரம் அந்த அண்மை வரலாற்றை நம் திருஅவையின் பழைய வரலாற்றோடு சேர்த்துச் சிந்திப்போம்.

ஆசிரியர் அருகில் இல்லாத நிலையில் கற்பது தமிழகக் கத்தோலிக்கருக்குப் புதிதன்று. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், பல ஊர்களுக்கு ஒருவராகவே செல்ல வேண்டியிருந்தது. ஓர் ஊரை விட்டுப் புறப்படும்போது, தமிழில் எழுதிய செபங்களின் படி ஒன்றை அங்கே விட்டுச் செல்வார். எழுத்தறிந்தோர் அதனைப் படியெடுத்து மனப்பாடம் செய்வர். சிறுவர்கள் தாம் கற்றதைப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படியும் அவர் பணித்தார். இவற்றை 1544-இல் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் அவரே விவரிக்கிறார். 1578-இல் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சேறியது. கையெழுத்துப் படியின் பணியை அச்சுநூலும் பகிர்ந்துகொண்டது.

ஆயினும் ஏடு மட்டும் போதவில்லை. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டபோது, மதுரை மறைபரப்புத் தளத்தில் குருக்கள் மிகச் சிலரே எஞ்சினர். 1838-இல் அச்சபையார் திரும்பி வரும்வரை, பல ஊர்களில் செபத்தையும் மறைக்கல்வியையும் அணையாமல் காத்தவர்கள் உள்ளூர் வேதியர்களே. ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வீட்டையும் அறிந்த ஒருவர் ஊரில் இருந்தார். அதனால் கல்வி தொடர்ந்தது.

2020-இல் நம் பள்ளிகளுக்கும் அத்தகைய சோதனை வந்தது. அதனை எதிர்கொள்ள வழிகள் பல வகுக்கப்பட்டன. முந்தைய ஆண்டு தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பாடம் அனுப்பினர். வசதியுள்ள பள்ளிகள் இணையவழி வகுப்புகளை நடத்தின. ஆனால் கத்தோலிக்கப் பள்ளிகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. கட்டணம் பெறும் ஆங்கிலவழிப் பள்ளிகளும் உண்டு. கூலித் தொழிலாளரின் பிள்ளைகள் பயிலும் அரசு உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. இப்பிள்ளைகளுள் பலர் வீட்டில் ஒரே கைப்பேசிதான். அதுவும் காலையில் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். விலையில்லாப் பாடநூலும், சத்துணவுக்கு ஈடாக வழங்கப்பட்ட அரிசியும் பருப்பும் வாங்கப் பெற்றோர் வந்த நாள்களே, இக்குடும்பங்களை ஆசிரியர் நேரில் காணும் வாய்ப்பாயின. அவ்வேளையில் பிள்ளையின் நலனையும் படிப்பையும் விசாரித்தறிந்த ஆசிரியர், அக்கால வேதியரின் பணியையே செய்தார்.

திறப்பும் ஒரே நாளில் நிகழவில்லை. 2021 ஜனவரி 19 அன்று 10, 12-ஆம் வகுப்புகள் அறைக்கு 25 பேர் என்ற வரம்புடன் தொடங்கின. பிப்ரவரி 8 அன்று 9, 11-ஆம் வகுப்பு மாணவர்கள் வந்தனர். மார்ச் 22 முதல் 9, 10, 11-ஆம் வகுப்புகள் மீண்டும் நிறுத்தப்பட்டன. இரண்டாம் அலை தணிந்தபின், செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையிலும், நவம்பர் 1 அன்று 1 முதல் 8 வரையிலும் வகுப்புகள் திறந்தன. சிறார்க்கு 19 மாதங்களுக்கு மேல் கடந்துவிட்டன. 1-ஆம் வகுப்பில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த குழந்தை, 3-ஆம் வகுப்பில் வந்து அமர்ந்தது. தேர்வின்றித் தேர்ச்சி கிடைத்தது; ஆனால் பலருக்கு வாசிப்பு கைவரவில்லை. வேறு சிலர் திரும்பவே இல்லை: சிறுவர் வேலைக்குப் போயினர், சிறுமியர் சிலருக்குத் திருமணமே முடிந்துவிட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடிக் குழந்தைகள் பள்ளியை விட்டு விலக நேரிடலாம் என்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020 அக்டோபர் 15 அன்று வெளியிட்ட காணொளிச் செய்தியில் எச்சரித்திருந்தார்.

இழந்ததை ஈடுசெய்யத் தமிழக அரசு 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யும் ஊர் மனிதரையே நம்பியது. மாலைதோறும் தெருப் பிள்ளைகளைத் திண்ணையிலும் முற்றத்திலும் அமர்த்திக் கற்பித்த தன்னார்வலருள் பெரும்பாலோர் அவ்வவ்வூர்ப் பெண்களே.

அன்பார்ந்தவர்களே, தொண்ணூற்றொன்பது ஆடுகள் இருக்கின்றனவே என்று நல்ல ஆயர் மனநிறைவு கொள்ளவில்லை. ஒன்றைக் காணவில்லை என்று அவர் அறிந்தார். அறிவதற்கு ஒவ்வொன்றாக எண்ணியிருக்க வேண்டும். பள்ளிகள் திறந்துவிட்டன என்று நாம் மகிழ்ந்தபோது, வராதவர் யார் என்று எண்ணிப் பார்த்தோமா? உங்கள் தெருவிலும் அன்று படிப்பை விட்டவரோ, இன்றும் வாசிக்கத் தடுமாறுபவரோ இருக்கக்கூடும். இவ்வாரம் அப்பிள்ளையின் பெயரைக் கேட்டறியுங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் அருகில் அமர்ந்து வாசிக்கச் செய்யுங்கள். படிப்பை விட்டவரெனில், மீண்டும் பள்ளியில் சேர வழிகாட்டுங்கள்.

ஆண்டவரே, காணாமற்போன பிள்ளையைத் தேடிச் செல்லும் கால்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.