பழசுக்கு என்னடா ஆச்சு?

போன மாதம் புது கைபேசி வாங்கினேன். 12 மாதத் தவணை. பழையதில் ஒரு கோளாறும் இல்லை. பேசலாம், படம் எடுக்கலாம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பாட்டுக் கேட்கலாம். முதல் தவணைக்கு அப்பாவிடம் பணம் கேட்டபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பழசுக்கு என்னடா ஆச்சு?" கேமரா, மெமரி என்று ஏதோ உளறி வைத்தேன். பணத்தைக் கொடுத்துவிட்டார். கேள்விதான் என்னை விடவில்லை.

வணிகவியல் படிக்கிறவனுக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டாமா? தேவை வேறு, ஆசை வேறு என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எத்தனையோ முறை எழுதியாயிற்று. ஆனால் அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே போனதில், 1920களின் அமெரிக்காவில் போய் நின்றேன். அங்கே கைபேசி ஏது? கார்தான்.

ஹென்றி ஃபோர்டை எல்லோருக்கும் தெரியும். 1908-ல் மாடல் டி காரைக் கொண்டுவந்தார். விலை சுமார் 850 டாலர். 1913-ல் நகரும் உற்பத்தி வரிசையைப் புகுத்தினார். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த அடிச்சட்டம் பூட்டும் வேலை, மறு வருடமே ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கிவிட்டது. 1925 வாக்கில் அதே மாடல் டி-யின் மலிவான வகை 260 டாலருக்குக் கிடைத்தது. மனிதர் வடிவத்தை மட்டும் பெரிதாக மாற்றவில்லை. 1914 முதல் 1925 வரை ஒரே நிறம், கறுப்பு! என்னிடம் ஒரு முறை வாங்கியவன் மறுபடி வாங்கத் தேவையே இருக்கக்கூடாது என்ற பொருளில் 1922-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதியும் இருக்கிறார்.

இதைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. 17 வருடமாக ஒரே மொபெட். கேட்டால், ஓடுகிற வண்டியை எதற்கு மாற்ற வேண்டும் என்பார்.

ஃபோர்டின் சிக்கலும் அங்கேதான் முளைத்தது. கார் வாங்கக்கூடியவர்களில் பெரும்பாலோர் 1920களின் நடுவில் ஒரு கார் வாங்கிவிட்டிருந்தார்கள். மாடல் டி-யும் லேசில் சாகிற வண்டி இல்லை. புது மாடல் டி-க்குப் போட்டி யார் தெரியுமா? பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய மாடல் டி! தரமான பொருளைச் செய்து மலிவாக விற்றவனுக்கு அந்தத் தரமே எதிரியாக வந்து நின்றது. எங்கள் பாடப்புத்தகம் இதை எப்படி விட்டுவைத்தது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

இந்த இடத்தில்தான் ஆல்ஃபிரட் ஸ்லோன் வருகிறார். 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரானவர். விலையில் ஃபோர்டை ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அவர் குறிவைத்தது கார் இல்லாதவனை அல்ல, ஏற்கெனவே கார் வைத்திருப்பவனை. அவனுடைய கார் ஓடும்போதே அது அவனுக்குப் பழசாகத் தெரிய வேண்டும். அதற்கு வருடா வருடம் புது மாடல். உள்ளே இருக்கும் இயந்திரம் பெரும்பாலும் அதேதான். மேல் தோற்றம்தான் மாறும்.

நிறம் ஒரு பெரிய ஆயுதமாக அவர் கைக்கு வந்தது. அதுவரை காருக்கு வண்ணம் பூசி உலர வைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். சீக்கிரம் உலர்வது கறுப்புதான். டூபான்ட் நிறுவனத்தின் 'டியூகோ' என்ற புது வகைப் பூச்சு அந்த வாரங்களைச் சில மணி நேரமாக்கியது. 1924 மாடல் ஓக்லண்ட் கார் நீல நிறத்தில் வந்து இறங்கியது. 1927-ல் ஸ்லோன் வண்டியின் அழகுக்கென்றே தனியாக ஒரு பிரிவு தொடங்கி, ஹார்லி ஏர்ல் என்பவரிடம் ஒப்படைத்தார். ஏர்ல் அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்? ஹாலிவுட் நட்சத்திரங்களுக்கு ஆடம்பரக் கார் வடிவமைத்துக்கொண்டிருந்தார். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள் :-)

எல்லாம் சரி, பணம்? அதற்கு 1919-லேயே ஜெனரல் மோட்டார்ஸ் தனக்கென ஒரு கடன் நிறுவனம் தொடங்கிவிட்டது. கையில் காசில்லாவிட்டாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம், மாதாமாதம் கட்டலாம். ஃபோர்டோ கடனை வெறுத்தவர். 1923-ல் அவர் கொண்டுவந்த திட்டம் நேர் எதிரானது. வாரம் 5 டாலர் சேமித்து, முழுத் தொகையும் சேர்ந்த பிறகு காரை எடுத்துக்கொள். யார் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

1927 மே மாதம், 1.5 கோடி கார்களுக்குப் பிறகு, மாடல் டி நின்றது. புதிதாக மாடல் ஏ செய்வதற்காக ஃபோர்டு தொழிற்சாலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அந்த வருடம் செவ்ரலே விற்பனையில் ஃபோர்டை முந்தியது. டிசம்பரில் மாடல் ஏ காட்சிக்கு வந்தபோது, அதைப் பார்க்க மட்டுமே ஊர் ஊராகக் கூட்டம் முண்டியடித்தது. ஒரே காரை 19 வருடம் விற்ற மனிதரின் கடை வாசலில், புதுசைப் பார்க்கக் கூட்டம்! பின்னாளில் அவர் நிறுவனமும் வருடாந்திர மாடலுக்கு மாறிவிட்டது.

இதையெல்லாம் வெறும் மோசடி என்று ஒதுக்கிவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அசல் மோசடி வேறு. 1924-ல் ஜெனீவாவில் பெரிய பல்பு நிறுவனங்கள் ஒன்றுகூடி, பல்பு 1000 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டன. கூடுதலாக எரிய வைத்தவருக்கு அபராதம்! 'ஃபீபஸ்' கூட்டணி என்று பெயர். அங்கே பொருளையே கெடுத்தார்கள். ஸ்லோன் யாருடைய காரையும் கெடுக்கவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் நீல நிறக் காரை நிறுத்தினார், அவ்வளவுதான். மீதி வேலையை நம் கண் பார்த்துக்கொண்டது.

அதைவிட வெளிப்படையாகப் பேசியவர் அதே நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங். வாடிக்கையாளரை அதிருப்தியிலேயே வைத்திருங்கள் என்ற பொருள்பட ஒரு கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார், 1929-ல். மக்கள் திருப்தியடைந்துவிட்டால் தொழிற்சாலை நின்றுவிடும், வேலை போய்விடும் என்பது அவர் வாதம். அதே வருடம் அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. தவணையில் வாங்கிய எத்தனையோ பேருக்கு அடுத்த தவணை கட்ட வேலையே இல்லாமல் போயிற்று. கெட்டரிங் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. விடுதி அறையில் என்னோடு இருப்பவனின் அண்ணன் கைபேசித் தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறான். எல்லோரும் என் அப்பா மாதிரி இருந்துவிட்டால் அவன் கதி என்ன?

போன வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த ஃபோர்டு நல்ல மனுஷன்" என்றார். எனக்கு இன்னும் 11 தவணை பாக்கி. பழைய கைபேசி இப்போது அவர் சட்டைப் பையில் இருக்கிறது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஒன்றரை நாள் நிற்கிறதாம்.