ஊருக்குள்ளேயே ஒரு கடிகாரம்: இரோக்குவா ஊர்களின் காலக்கணிப்பை முன்வைத்து

வட அமெரிக்காவில் ஒண்டாரியோ ஏரியின் இரு கரைகளிலும் வாழ்ந்த இரோக்குவா மொழிக் குடும்பத்து மக்கள் கல்லாலோ செங்கல்லாலோ வீடு கட்டவில்லை. ஏரிக்கு வடக்கே வெண்டாட் மக்களின் முன்னோரும், தெற்கே பின்னாளில் ஹோடினோஷோனிக் கூட்டமைப்பாகத் திரண்ட மொஹாக், ஒனைடா, ஒனன்டாகா, கயூகா, செனெகா ஆகிய ஐந்து குடியினரும் மரக்கழியும் மரப்பட்டையும் கொண்டே ஊர் அமைத்தார்கள். அந்த மரம் என்றோ மக்கிவிட்டது. மேல்மண்ணை வழித்தெடுத்தால், வெளிர்மண்ணில் உள்ளங்கையளவு கருவட்டங்கள் ஆயிரக்கணக்கில் தெரிகின்றன. அவை கழி நட்ட குழிகளின் தடங்கள். அவற்றை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்துச் சேர்க்கும்போதுதான் வீடு புலப்படுகிறது.

அது நெடுவீடு. அகலம் பெரும்பாலும் ஆறேழு மீட்டர். நீளம் 20, 30 மீட்டர் என்று போகும். நியூயார்க் மாநிலத்து ஹவ்லெட் ஹில்லில் ஒரு வீடு 100 மீட்டரையும் தாண்டுகிறது. நடுவே வரிசையாக அடுப்புகள். எதிரெதிரே வாழ்ந்த இரண்டு குடும்பங்களுக்கு ஓர் அடுப்பு. தாய்வழி உறவே வீட்டின் முதுகெலும்பு: மணமான ஆண் மனைவியின் வீட்டுக்குப் போனான், அக்கா தங்கைகளும் அவர்கள் பெண்மக்களும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். குடும்பம் பெருகியபோது ஓரச்சுவரைப் பிடுங்கி வீட்டை நீட்டினார்கள். பழைய சுவரின் குழிகள் வீட்டுக்குள்ளேயே குறுக்குக் கோடாக நிற்கின்றன. ஒரு குடும்பத்தின் வளர்ச்சியை இத்தனை நேராக மண்ணில் காட்டும் தடயம் தொல்லியலில் அரிது.

இந்த வீட்டையும் உறவையும் சேர்த்துப் படித்தவர் அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன். சிற்றப்பனும் அப்பனாக, சின்னம்மாவும் அம்மாவாக எண்ணப்படும் இரோக்குவா முறையை விரிவாகப் பதிவு செய்த அவர், தென்னிந்தியாவில் பணியாற்றிய ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷனரியிடமிருந்து 1859-இல் தமிழ் உறவுமுறைப் பெயர்களைப் பெற்றார். இரண்டும் வியக்கத்தக்க அளவில் ஒத்திருந்தன. 1871-இல் வெளிவந்த அவரது உறவுமுறை ஆய்வுநூலில் இந்த ஒப்புமைக்கு மைய இடமுண்டு. ஆனால் இரோக்குவா மக்களிடம் அத்தை மகளோ மாமன் மகளோ முறைப்பெண் அல்லர். சற்று விலகிய உறவுகளை இரு அமைப்புகளும் வெவ்வேறு விதமாகப் பகுப்பதை மானிடவியலாளர் ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி 1964-இல் தெளிவாக்கினார். நம் மொழியோடு நேரடியாகத் தொடர்புடைய செய்தி என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு சமூகத்தை வெளியிலிருந்து கொண்டுவந்த அளவுகோலால் அளந்தால் எங்கே வழுக்கும் என்பதை இது காட்டுகிறது. இரோக்குவா ஊர்களின் காலக்கணிப்பிலும் அதே வழுக்கல்தான் நேர்ந்தது.

இந்த ஊர்கள் நிலையானவை அல்ல. பத்து முதல் நாற்பது ஆண்டுகளுக்குள் ஊரே பெயர்ந்து சில கிலோமீட்டர் தள்ளிக் குடியேறும். மக்காச்சோள வயல் சத்திழந்துபோகும். விறகு எட்டாத் தொலைவுக்குப் போய்விடும். நட்ட கழிகள் உளுத்துப்போகும். இதைக் 'கைவிடல்' என்று எழுதுவது தவறு. அங்கே ஊர் என்பது மக்கள். இடம் அவர்கள் தங்கிய பருவம். டொரன்டோவுக்கு வடகிழக்கே டிரேப்பர், ஸ்பாங், மான்டில் ஆகிய மூன்று தலங்களை ஒரே சமூகத்தின் அடுத்தடுத்த இருப்பிடங்களாக ஆய்வாளர்கள் அடையாளம் கண்டுள்ளனர். டிரேப்பரில் சிறிய ஊர்கள் பல வந்து ஒட்டிக்கொண்டன. அவற்றை உள்ளடக்க மரக்கழி அரணைத் திரும்பத் திரும்ப விரித்துக் கட்டினார்கள். 2003 முதல் 2005 வரை அகழப்பட்ட மான்டிலில் 98 நெடுவீடுகளின் தடங்கள் கிடைத்தன. எல்லாம் ஒரே காலத்தில் நின்றவை அல்ல. ஆயினும் 1,500 பேருக்குக் குறையாமல் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அகழ்ந்தோரின் மதிப்பீடு.

மான்டிலுக்கு முதலில் தரப்பட்ட காலம் ஏறத்தாழ 1500–1530. ஐரோப்பியப் பண்டங்கள் இந்தக் கணிப்பில் முக்கிய அளவுகோலாயின. கண்ணாடி மணியும் பித்தளையும் நிறைய இருந்தால் ஊர் பிந்தியது, குறைவாக இருந்தால் முந்தியது என்ற வாய்பாடு பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது. மான்டிலில் கிடைத்ததோ ஓர் இரும்புத் துண்டும் விரல்விட்டு எண்ணத்தக்க சில உலோகப் பொருள்களும்தான். ஆகவே முந்தியது என்றார்கள். 2018-இல் ஸ்டர்ட் மானிங், ஜெனிஃபர் பிர்ச் முதலானோர் வெளியிட்ட கதிரியக்கக் கார்பன் ஆய்வு இந்த முடிவைக் கவிழ்த்தது. ஊர் நின்ற காலம் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியும் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். அரை நூற்றாண்டுக்கும் மேலான பிழை!

கார்பன் அளவை ஆண்டாக மாற்ற உதவும் திருத்தக்கோடு 16-ஆம் நூற்றாண்டில் ஏறி இறங்குவதால் ஒரே அளவுக்கு இரண்டு விடை வரலாம் என்று ஒரு தடை எழுப்பலாம். தடை நியாயமானது. தனித்த ஓர் அளவீட்டை நம்பினால் அப்படித்தான் முடியும். ஆனால் ஓராண்டுப் பயிரான மக்காச்சோளத்தின் மணி, தான் விளைந்த ஆண்டை மட்டுமே சுமக்கிறது. அத்தகைய பல அளவுகளை, ஊர் ஊராகப் பெயர்ந்த வரிசையோடு பிணைத்துக் கணித்தால் இரண்டு விடைகளில் ஒன்று உதிர்ந்துவிடும். 'கைவிடல்' என்று தள்ளப்பட்ட அந்த இடப்பெயர்ச்சியே இங்கே காலத்தின் ஏணியாகிறது.

விளைவு பெரிது. அயற்பொருள் குறைவாக இருந்தது காலத்தால் முந்தியதனால் அன்று. வணிகப் பாதைகள் எல்லா ஊருக்கும் ஒரே சமயத்தில் திறக்கவில்லை, எல்லாச் சமூகமும் அந்தப் பொருள்களை ஒரே ஆவலோடு நாடவுமில்லை. ஊர்கள் திரண்டதும், அரண் எழுப்பியதும், பகை முற்றியதும் இனி ஐரோப்பியர் வருகைக்கு வெகுமுன் நடந்தவையாகச் சொல்ல இயலாது. பிரெஞ்சு நாடுகாண் பயணி சாம்ப்ளேன் 1615-இல் வெண்டாட் நாட்டுக்குள் நடந்தபோது, மான்டிலில் வாழ்ந்தோர் பலர் உயிரோடு இருந்திருக்கக்கூடும். அதற்காக எல்லா மாற்றத்துக்கும் ஐரோப்பியரே காரணம் என்று துள்ளுவதும் பழைய பிழையின் மறுபக்கமே.

மான்டில் இன்று ழான்-பத்தீஸ்த் லெனே தலம் என்று அழைக்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற ஒரு ஹியூரான்-வெண்டாட் வீரரின் பெயர் அது. கண்ணாடி மணிகளையும் உலோகத்தையும் மட்டுமே நம்பிக் காலம் குறிக்கப்பட்ட ஊர்கள் இன்னும் உள்ளன. அகழ்ந்து முடித்த தலங்களின் கருகிய சோளமணிகள் சேமிப்பறைப் பெட்டிகளில் இருக்கின்றன. புதிதாக ஒரு குழிகூடத் தோண்ட வேண்டியதில்லை. அவற்றை எடுத்து அளந்துவிட்டு, அதன் பிறகே அந்த ஊர்களின் வரலாற்றை எழுதுங்கள்.