அந்தமான் பஞ்சாபியர்

தெற்கு அந்தமானில் பஞ்சாபி அடையாளத்தை மதத்தைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. மொழிதான் அதன் முதுகெலும்பு. 1897இல் சியால்கோட் பகுதியில் பிறந்த மருத்துவர் திவான் சிங் காலேபாணி, 1927இல் அரசுப் பணிமாற்றத்தில் போர்ட் பிளேர் வந்தார். கடல் கடந்தும் தாய்மொழியிலேயே எழுதினார். யாப்புக்கட்டை உதறிய அவருடைய ‘வக்தே பாணி’ கவிதைத் தொகுப்பு 1938இல் வெளிவந்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது செல்லுலார் சிறையில் வதைபட்டு, 1944 ஜனவரி 14இல் உயிரிழந்தார்.

சீக்கிய வழிபாட்டிடமான குருத்வாராவைச் சுற்றிய அந்தமான் பஞ்சாபியர் வாழ்வு சீக்கிய அடையாளம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே மொழியை லாகூர் முஸ்லிம்கள் ஷாமுகி எழுத்திலும் அமிர்தசரஸ் சீக்கியர்கள் குர்முகியிலும் எழுதுகிறார்கள். சூஃபி கவிஞர் புல்லே ஷா இரு தரப்புக்கும் சொந்தம். மீண்டும் தீவுகளுக்கு வந்தால், 1969 முதல் கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களிலும் பஞ்சாபியர் பலர் உண்டு.