முறுமுறுப்பும் முறையீடும்: ஒரு போதனையின் தமிழ்ப் பாதை

முறுமுறுக்கக் கூடாது என்ற போதனை தமிழ்ச் சபைகளில் ஞாயிறு பள்ளியிலேயே பதிந்துவிடுகிறது. வனாந்தரத்தில் மன்னா சலித்துப்போய், எகிப்தின் வெள்ளரிக்காய்க்கும் பூண்டுக்கும் ஏங்கிய இஸ்ரவேலரின் கதை (எண்ணாகமம் 11) அதற்கு அடிப்படை. பவுல் கொரிந்தியரை எச்சரித்ததும் பிலிப்பியருக்குப் புத்தி சொன்னதும் அந்த வழியில்தான். அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் மட்டும் வேறு வழியில் போகிறது. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்கம் பேசிய விதவைகள் விடுபட்டதால் எருசலேம் சபையில் முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் யாரையும் கண்டிக்கவில்லை. பந்தி விசாரிக்க ஏழு பேரை ஏற்படுத்தினார்கள்.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கு, முறுமுறுப்பைப் பெரும் தீங்காகப் பார்க்கிறது. ஆனால் சாப்பாட்டு நேரம் பற்றிய 41ஆம் அதிகாரத்தில், துறவிகள் நியாயமாக முறுமுறுக்க இடம் வைக்காமல் மடாதிபதி ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறார். நியாயமான முறுமுறுப்பும் உண்டு என்று அவரே ஒத்துக்கொள்கிறார்.

எது நியாயமான முறுமுறுப்பு என்ற சிக்கல் தமிழகத்தில் வெடித்தது தஞ்சாவூரில். மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரின் சீடரும் சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்றவருமான வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), 1820களில் வந்த புதிய மிஷனெரிகள்மேல் குறைகளை அடுக்கினார். பப்ரிசியஸ் மொழிபெயர்த்த, பழகிய வேதாகமத்தை மாற்றுகிறார்கள், தமிழ்ப் பாட்டை ஆராதனையிலிருந்து தள்ளுகிறார்கள், பூப் பயன்பாட்டைத் தடுக்கிறார்கள் என்றார். அதே மூச்சில், எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்காரச் சொல்கிறார்கள் என்பதும் அவருக்குக் குறைதான். பாட்டு விஷயத்தில் காலம் அவர் பக்கம் நின்றது; அவர் கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறோம். உட்காரும் விஷயத்தில் அவர் காத்து நின்றது அநியாயத்தை. ஒரே முறையீட்டில் இரண்டும் பிணைந்து கிடப்பதுதான் ஆய்வாளரைத் திணற வைக்கிறது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதியை அடியோடு விடும்படி சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினார்கள். ஆலயத்தில் ஒதுக்கி உட்காரவைக்கப்பட்டவர்களின் குறையோ, இந்தச் சச்சரவு முழுவதிலும் அடங்கியே ஒலிக்கிறது.

அந்தக் குரல் இறையியலாக எழுந்தது 1980களில். அறிஞர் ஏ. பி. நிர்மல் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலை வளர்த்தார். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு அதை நாட்டுப்புறப் பாட்டில் ஏற்றினார். வலியைச் சொல்வது அவிசுவாசம் என்ற பழைய பயம் அங்கே எடுபடவில்லை. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தானே!

2017இல் போப் பிரான்சிஸ் தம் அறைக் கதவில் புலம்பத் தடை என்ற அறிவிப்பை ஒட்டியபோது, முறுமுறுக்காதே என்ற போதனை வேறொரு தளத்துக்கு வந்திருந்தது. அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல் போய், மனநலம் முன்னுக்கு வந்தது. நகர்ப்புறச் சபைகளின் பேச்சிலும் இந்தச் சாயல் உண்டு: நேர்மறையாகப் பேசு, வாயின் வார்த்தைக்கு வல்லமை உண்டு. ஆனால் வீட்டு ஜெபக் கூட்டங்களில் குறை வேறு வாசலால் நுழைந்துவிடும். ஏறிய வாடகை, வேலையில் நெருக்கடி, பேசாத மருமகள் என எல்லாமே ‘ஜெபக்குறிப்பு’. அந்தப் பெயரில் சொன்னால் யாரும் முறுமுறுப்பு என்பதில்லை. கூட்டம் கலைந்ததும் வாடகைக்குக் கைகொடுக்க யாராவது முன்வந்தால், அது அப்போஸ்தலர் 6; வராவிட்டால் அடுத்த வாரமும் அதே குறிப்பு.