புத்தக முதுகில் ஒட்டிய எண்



நூலகப் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் சிறு தாளைப் பார்த்திருப்பீர்கள். 894.811 என்று ஓர் எண். அதன் கீழே ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகள். "என்னங்க இது, லாரி நம்பர் மாதிரி?" என்று கேட்பவர்கள் உண்டு. அது புத்தகத்தின் விலாசம். எட்டாம் நம்பர் காடு என்று சொன்னால் கொழுந்து எடுக்கப் போகிறவர் வழி கேட்பாரா? அதுபோலத்தான்.

இந்த எண் முறையை 1876-இல் வெளியிட்டவர் மெல்வில் டூயி என்னும் அமெரிக்கர். அறிவை எல்லாம் பத்துப் பிரிவாக்கி, இலக்கியத்துக்கு 800 கொடுத்தார். அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கில இலக்கியத்துக்கு 820. ஈராயிரம் ஆண்டுத் தமிழோ 890 என்ற 'மற்றவை' மூலையில், புள்ளிக்குப் பின்னும் மூன்று இலக்கம் சுமந்துகொண்டு நிற்கிறது. எனக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

நம்மவர் ஒருவர் வேறு வழி கண்டார். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வேலை பிடிக்கவில்லை, 'வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள்' என்று சில நாளிலேயே போய் நின்றாராம்! நூலகக் கல்விக்காக லண்டன் போனவர், அங்கே ஒரு கடையில் விளையாட்டுச் சாமான் ஒன்றைக் கண்டார். அதே துண்டுகள், அதே திருகாணிகள். மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பூட்டி எண்ணாக்கலாமே என்று தோன்றியது. அப்படிப் பிறந்த கோலன் பகுப்புமுறை 1933-இல் அச்சேறியது. அதில் தமிழின் மொழி எண் 31. இரண்டே இலக்கம்!

அதோடு விட்டாரா? வாசகரே அலமாரிக்குப் போய் எடுக்கட்டும் என்றார். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்பதை 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் ஒன்றாக வைத்தார். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியிலே நூலகம் கிராமம் கிராமமாகப் போனது. இங்கே கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கி (1929) இரண்டே வருஷம் ஆன காலம் அது.

மலேசியாவில் பெரும்பாலும் டூயி முறைதான். ஆகையால் அதையே படித்துக்கொள்வோம். பிள்ளைகள் தடுமாறுவது புள்ளிக்குப் பின்னால்தான். 894.811, 894.9 இரண்டில் எது முன்னால்? '811 பெரிசு, 9 சின்னது' என்று எண்ணி மாற்றி வைத்துவிடுகிறார்கள். ஒவ்வோர் இலக்கமாகப் பாருங்கள்: 8-க்குப் பிறகுதானே 9? ஆகவே 894.811 முன்னால். எண் ஒன்றாகவே இருந்தால் கீழே உள்ள எழுத்து வரிசை. ஒரு தட்டு இடமிருந்து வலம் முடிந்ததும் அதே அலமாரியின் கீழ்த்தட்டு; அலமாரி முடிந்த பிறகே அடுத்த அலமாரி.

இடம் மாறி நுழைத்த புத்தகம் தொலைந்த மாதிரிதான். தேடி வந்த பிள்ளை 'இல்லை போல' என்று திரும்பிவிடும். இடம் தெரியவில்லையா? மேசைமேல் வைத்துவிட்டுப் போங்கள். பொறுப்பாளர் பார்த்து அடுக்கிக்கொள்வார்.