இடைக்கால வீரகாவியங்களில் ஆண்–ஆண் காதல்

12 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை மேற்கு ஐரோப்பாவில் நைட்டுகள் எனப்பட்ட குதிரைவீரர்களைப் பற்றிப் பல காவியங்கள் எழுந்தன. ஆணுக்கு ஆண் மீது உண்டாகும் நேசமும் வேட்கையும் அவற்றில் பல வடிவங்களில் இடம்பெறுகின்றன. ஆண்களிடையிலான உடலுறவைத் திருச்சபை பெரும்பாவம் என்றது. 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம் அதற்குத் தண்டனையும் வகுத்தது. அதே சமூகத்தில் இரு வீரர்கள் பலரறிய முத்தமிட்டுக்கொள்வதும் ஒரே படுக்கையில் உறங்குவதும் மதிப்புக்குரிய நட்பின் அடையாளங்களாக இருந்தன. காவியங்கள் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் பேசுகின்றன.

அவற்றில் மிக விரிவானது, 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சு உரைநடையில் எழுதப்பட்ட 'லான்ஸ்லட்'. ஆர்தர் மன்னனின் நாட்டின்மீது படையெடுத்து வருகிறான் கலெஹோ. எதிரணியில் கருங்கவசம் பூண்டு போரிடும் பெயர் தெரியாத வீரனிடம் அவன் மனம் பறிபோகிறது. ஓரிரவு தன் பாசறையில் தங்கினால் கேட்டதைத் தருவதாக வாக்களிக்கிறான். வந்தவன் லான்ஸ்லட். அவன் கண்ணயர்ந்த பிறகு கலெஹோ ஓசைப்படாமல் வந்து பக்கத்துக் கட்டிலில் படுத்து, உறக்கத்தில் அவன் புலம்புவதைக் கேட்டபடி கிடக்கிறான். லான்ஸ்லட் கேட்ட வரம் கடினமானது: வெற்றி கைக்கெட்டும் வேளையில் ஆர்தரிடம் சரணடைய வேண்டும். கலெஹோ சரணடைகிறான். லான்ஸ்லட் அரசி குவினவியருக்காக உருகுவதை அறிந்து, அந்த இருவரின் முதல் முத்தத்துக்கு வழிசெய்பவனும் அவனே. பின்னர் லான்ஸ்லட் மாண்டான் என்ற பொய்ச்செய்தி கேட்டு, உணவை மறுத்து, நலிந்து இறக்கிறான். 'லான்ஸ்லட்' இடம்பெறும் கதைத்தொடரின் முடிவில் லான்ஸ்லட்டின் உடல் கலெஹோவின் கல்லறையிலேயே வைக்கப்படுகிறது.

இத்தகைய உறவைப் பற்றிய ஐயம் அன்றைய வாசகர்களுக்குப் புதிதல்ல. 12ஆம் நூற்றாண்டில் மாரி த பிரான்ஸ் இயற்றிய 'லான்வால்' கதையில், தன் ஆசைக்கு இணங்காத வீரனை இளைஞர்களை விரும்புபவன் என்று அரசி தூற்றுகிறாள். 'ஏனியாஸ்' காவியத்தில் நாயகி லவினியாவின் தாய் நாயகன் ஏனியாஸ்மீது இதே பழியைச் சுமத்துகிறாள். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதையான 'சர் கவெய்னும் பச்சை வீரனும்' பழியே இல்லாமல் இதைத் தொட்டுச் செல்கிறது: அன்றன்று பெற்றதை மாற்றிக்கொள்வது என்ற ஒப்பந்தப்படி, மாளிகைத் தலைவனின் மனைவி தந்த முத்தங்களைக் கவெய்ன் மாலைதோறும் அந்தத் தலைவனுக்கே தருகிறான்.

வாழ்க்கையிலும் சான்றுகள் உண்டு. சர் ஜான் கிளான்வோ, சர் வில்லியம் நெவில் என்ற ஆங்கில வீரர்கள் 1391இல் கான்ஸ்டான்டினோப்பிள் அருகே இறந்தனர். கிளான்வோ மறைந்த துயரில் நெவில் உண்ணாமல் கிடந்து இரண்டே நாளில் உயிர்விட்டதாக வெஸ்ட்மின்ஸ்டர் நாளாகமம் பதிவு செய்கிறது. இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ள அவர்களது கல்லறைப் பலகையில் இரண்டு தலைக்கவசங்கள் முத்தமிடுவதுபோல் எதிரெதிரே செதுக்கப்பட்டுள்ளன. கேடயங்களிலும் இருவரின் குலச்சின்னங்கள் பாதிப்பாதியாக இணைந்துள்ளன. கணவன், மனைவியின் சின்னங்களை இணைக்கும் முறை அது.

ஆங்கில வரலாற்றாசிரியர் ஆலன் பிரே 2003இல் வெளிவந்த நூலில் இக்கல்லறையைச் சத்தியம் செய்து பூண்ட சகோதரத்துவத்தின் சான்றாக விளக்கினார். கதைமாந்தனான கலெஹோவுக்கோ பிற்கால இலக்கியத்தில் வேறு கதி நேர்ந்தது. தாந்தேயின் 'நரகம்' அவன் பெயரைக் காதலரைச் சேர்த்துவைக்கும் இடையாளுக்குரியதாக ஆக்கியது. பொக்காச்சோ தம் 'டெக்கமரான்' நூலுக்கு அதையே துணைப்பெயராக வைத்தார். 15ஆம் நூற்றாண்டில் தாமஸ் மாலரி எழுதிய ஆங்கில ஆர்தர் கதையிலோ அவன் சிறு பாத்திரமாகச் சுருங்கினான். லான்ஸ்லட்டுக்காக அவன் உயிர்விட்ட கதை அதில் இல்லை.